டீக்கடைக்கு லைசென்சு, வாடகை வீட்டுக்கு?

2012 மார்ச் மாசம். வேளச்சேரியை ஒட்டின ஒரு பகுதியில் வீடு தேடிக்கொண்டிருந்தேன். ஆறு வீடு பார்த்துக் கடைசியில் ஏழாவது அமைந்தது. மாடி போர்ஷன், ரெண்டு ரூம், அட்வான்ஸ் பத்து மாசம், தண்ணிக்குத் தனி, கரண்டுக்கு யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் ரேட்டு, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. வீட்டுக்காரம்மா நல்லவிதமாகத்தான் பேசினாங்க. என் மனைவி டீச்சர் என்றதும் மரியாதை இன்னும் கொஞ்சம் கூடியது. 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கவே இல்லை. பரவாயில்லையே, மெட்ராஸ் மாறிப்போச்சே என்று நினைத்துக்கொண்டு ஐயாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் ஒரு ஃபாரத்தை நீட்டினார். "போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கணுமாம் சார். தப்பா நெனச்சுக்காதீங்க, எல்லார்கிட்டயும் வாங்கறதுதான். ஒரு போட்டோ, சொந்த ஊர் அட்ரஸ், ஐ.டி. ஜெராக்ஸ் ஒண்ணு." ரேஷன் கார்டு ஜெராக்சைக் கொடுத்தேன். அதில் எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: காலனி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"காலனின்னா... ஹவுசிங் போர்டு காலனிங்களா?"

"இல்லைங்க. எங்க ஊரு காலனி."

"ஓ."

சாயங்காலம் புரோக்கர் போன் பண்ணினான். "சார், அவங்க பையன் துபாய்லேர்ந்து வர்றானாம். வேற எடம் காட்டுறேன், கவலப்படாதீங்க." அதற்கப்புறம் மூணு வாரம் அந்த கேட்டில் டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. டோக்கன் பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நாணயத்தைக் குறை சொல்ல முடியாது.

இதை அழுகைக்காக எழுதவில்லை. இந்தப் பத்திரிகை படிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு இதைவிட மோசமான கதை இருக்கும். நான் யோசித்துக்கொண்டிருப்பது அந்த ஃபாரத்தைப் பற்றி.

அந்த ஃபாரம் எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தின பிப்ரவரி 23-ஆம் தேதி விடியற்காலை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்குள் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளையர் என்றார்கள். 'என்கவுண்டர்' என்கிற சொல்லுக்குள் என்னவெல்லாம் புதைக்கப்படும் என்பது உங்களுக்குத் தெரியும், அது தனிக் கட்டுரை. அடுத்து நடந்ததுதான் இங்கே விஷயம். வீட்டு உரிமையாளர்கள் தங்கள் குடித்தனக்காரர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 144-ஆவது பிரிவின்கீழ் சென்னை மாநகரக் காவல்துறை உத்தரவு போட்டது. கூட்டம் கூடுவதைத் தடுக்கிற பிரிவு என்று ஊரே அறிந்த அதே 144. ஒரே நாளில், வாடகைக்கு இருக்கிறவன் எல்லாம் சந்தேகத்துக்குரியவன் ஆனான், சொந்த வீட்டுக்காரன் எல்லாம் அரசாங்கத்துக்குத் தகவல் சொல்கிற கௌரவப் பதவிக்கு உயர்ந்தான். 2024 ஜூலை 1-லிருந்து அந்தச் சட்டப் புத்தகமே போய்ப் புதுசு வந்துவிட்டது, 144 இப்போது 163. நம்பர் மாறினது, அவ்வளவுதான்.

அந்த ஃபாரம் சாதியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? இந்த மண்ணில் முகவரி என்பதே சாதிச் சான்றிதழ். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துவிட்டு 'நிரந்தர முகவரி' கேட்டால் வேறென்ன தெரியும்? வாயால் கேட்கக் கூச்சப்பட்ட அந்த அம்மாவுக்குப் பதிலாக அரசாங்கம் கேட்டுக் கொடுத்தது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்கிற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். நல்லது, எடுக்கட்டும். ஆனால் கண்ணகி நகர்ப் பிள்ளைகள் வேலைக்கு மனுப் போடும்போது முகவரியை மாற்றிப் போடுகிறார்களே, அந்தப் பெயரில் என்ன 'காலனி' இருக்கிறது? காப்பியத் தலைவியின் பெயர்தானே? இடம் பிரிந்து கிடக்கிறவரைக்கும் எந்தப் பெயர் வைத்தாலும் ரெண்டு வருசத்தில் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆக, வாடகை வீட்டு விஷயத்தில் அரசு தலையிடாமல் இல்லை. ஆய்வு நடக்கிறது, பதிவு நடக்கிறது, விசாரணை நடக்கிறது. எல்லாம் குடியிருக்க வருகிறவன் மேல். வீட்டையோ வீட்டுக்காரனையோ யாரும் சோதனை போட்டதாகத் தெரியவில்லை. தப்பு, ஒன்று இருக்கிறது: டெங்கு சீசனில் மாநகராட்சி ஆள் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று எட்டிப்பார்ப்பார். இருந்தால் அபராதம். கொசுப்புழு வளர்த்தால் குற்றம்.

'தோழர், வீடு என்பது தனிச்சொத்து. யாருக்கு விடுவது என்பது அவரவர் விருப்பம். இதில் அரசு எப்படித் தலையிட முடியும்?' என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். முற்போக்கு நண்பர்கள்தான். இவர்கள் நிலச் சீர்திருத்தம் பேசும்போது சொத்துரிமை புனிதமில்லை, மாடி போர்ஷன் என்று வந்துவிட்டால் புனிதமாகிவிடும். இவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1960-ஆம் ஆண்டு கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 2019 பிப்ரவரி 22 வரை உயிரோடு இருந்த சட்டம். அதன் மூன்றாம் பிரிவு என்ன சொன்னது? ஒரு கட்டடம் காலியானால் ஏழு நாளுக்குள் வீட்டுக்காரன் அதிகாரிக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். அரசுக்கோ அரசு ஊழியருக்கோ அந்த வீடு தேவை என்றால் அரசு எடுத்துக்கொள்ளலாம். தேவையில்லை என்றால்தான் அவன் இஷ்டத்துக்கு விடலாம். சின்ன வாடகை வீடுகளுக்கு விலக்கு உண்டு, நடைமுறையில் அது எந்த லட்சணத்தில் ஓடியது என்பதும் வேறு கதை. ஆனால் ஏறக்குறைய அறுபது வருசம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. அதிகாரிக்கு வீடு வேண்டும் என்றால் 'அவரவர் விருப்பம்' அரசு உத்தரவுக்கு முன்னால் கைகட்டி நிற்கும். சேரியிலிருந்து படித்துவிட்டு வருகிறவனுக்கு வீடு வேண்டும் என்றால் மட்டும் தனிச்சொத்தின் புனிதம் பொங்கி எழும்!

அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுசாகக் கொண்டுவந்தது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று நீளமான பெயர். வாய்மொழிக் குடித்தனம் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தண்ணியை, கரண்டை நிறுத்தக்கூடாது என்கிறது. மூணு மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றும் சொல்கிறது, 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று பக்கத்திலேயே ஒரு சந்தும் விட்டிருக்கிறது. நாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத்தானே போகிறோம், போடாவிட்டால் வீடு கிடைக்காதே! வீட்டுக்காரர் வீட்டைப் பார்வையிட வருவதாக இருந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு வர வேண்டும் என்கிறது. எல்லாம் சரி. ஆனால் இவை எல்லாமே சாவியை வாங்கினவனுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு. கேட்டுக்கு வெளியே நிற்கிறவனைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. சாதியைச் சொல்லி, மதத்தைச் சொல்லி வீடு மறுக்கக்கூடாது என்று எழுத எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

இந்த இடத்தில் பி.சி.ஆர். சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் ஆட்களே அதை 'பழைய சட்டம், எஸ்.சி. எஸ்.டி. வன்கொடுமைச் சட்டம் வந்தபிறகு அதற்கென்ன வேலை' என்று ஒதுக்கிவிட்டோம். 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976 திருத்தத்தில் பெயர் மாறிய சட்டம். அதன் நாலாவது பிரிவில், எந்த வட்டாரமாக இருந்தாலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவதிலோ வாங்குவதிலோ அதில் குடியிருப்பதிலோ தீண்டாமையின் பேரில் தடை போட்டால் குற்றம் என்று இருக்கிறது. ஏழாவது பிரிவில் 'பகிஷ்காரம்' என்றால் என்ன என்று விளக்கம் வருகிறது. அந்த விளக்கத்தில் முதலில் வருவதே வீட்டையோ நிலத்தையோ வாடகைக்கு விட மறுப்பதுதான். பன்னிரண்டாவது பிரிவு இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், குற்றமான அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அவன் பொறுப்பு. துபாய்ப் பையனின் டிக்கெட்டை அவர்தான் காட்ட வேண்டும்! நமக்கு இது தெரிந்திருந்ததா? எனக்குத் தெரியாது. புரோக்கரிடம் 'சரிப்பா' என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

தண்டனை என்று பார்த்தால் ஒரு மாசத்திலிருந்து ஆறு மாசம், கூடவே நூறு ரூபாயிலிருந்து ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். ஐந்நூறு ரூபாய்க்கு இன்று ஒரு நாள் தண்ணி லாரிகூட வராது. ஆனால் எட்டாவது பிரிவைப் பாருங்கள். சரக்கு விற்க மறுத்தாலோ சேவை செய்ய மறுத்தாலோ ஆறாவது பிரிவில் தண்டனை பெற்றவன் அந்தத் தொழிலுக்கு லைசென்சு வைத்திருந்தால், அந்த லைசென்சை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடலாம். 'லைசென்சு' என்பதில் பெர்மிட்டும் அனுமதியும் அடங்கும் என்று விளக்கம் வேறு. ரெட்டை டம்ளர் வைத்திருக்கிற டீக்கடைக்காரன் ஐந்நூறு ரூபாய்க்குப் பயப்பட மாட்டான். கடை லைசென்சு போய்விடும் என்றால் கொஞ்சமாவது யோசிப்பான். இப்படி எந்தக் கடைக்காவது லைசென்சு ரத்தானதாக நான் கேள்விப்பட்டதில்லை, அது போலீசின் யோக்கியதை. ஆனால் கத்தி உறையில் இருக்கிறது.

வாடகை வீட்டுக்கு வருவோம். நாலு மாடி கட்டி, மாடிக்கு மூணு போர்ஷன் விட்டு, மாசா மாசம் லட்சம் ரூபாய் பார்க்கிறவனிடம் எந்த லைசென்சு இருக்கிறது? ஒன்றும் இல்லை. அரையாண்டுக்கு ஒருதடவை சொத்து வரி கட்டுகிறான், கதை முடிந்தது. டீ விற்க லைசென்சு, ஆட்டோ ஓட்ட பெர்மிட்டு, முடிவெட்டுகிற கடைக்கு லைசென்சு. நகரத்திலேயே அதிகப் பணம் புரளுகிற தொழில்களில் ஒன்றான வீடு விடுகிற தொழிலுக்கு மட்டும் 'தனிப்பட்ட விருப்பம்' என்று பெயர். லைசென்சே இல்லாதவனிடமிருந்து எதைப் பறிப்பது? எட்டாவது பிரிவு ஆறாவது பிரிவோடு நின்றுவிடுகிறது, நாலுக்கும் ஏழுக்கும் நீளவில்லை. ஆகவே நம் கோரிக்கைக்கு ரெண்டு கால்: வாடகைக்கு விடுவதற்கு உள்ளாட்சி லைசென்சு வேண்டும், சாதி பார்த்து வீடு மறுத்தவனின் லைசென்சு போக வேண்டும். ஒன்று இருந்து இன்னொன்று இல்லாவிட்டால் நடக்காது.

லாட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடை, ஹோட்டல், பொதுக் கேளிக்கை இடங்களில் சாதி மத பேதம் கூடாது என்கிறது. ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு அறை விடுகிறவன் மறுக்கக்கூடாது. பதினோரு மாசத்துக்கு விடுகிறவன் மறுக்கலாம்! அந்தப் பிரிவின் மேல் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தபோது, 'கடை' என்ற சொல்லை விரிவான பொருளில்தான் வைத்திருக்கிறோம், சேவை தருகிற எவருடைய இடமும் அதில் அடங்கும் என்கிற மாதிரிதான் அண்ணல் பதில் சொன்னார். 2011-இல் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை எடுத்துக்காட்டியது. அதே உச்ச நீதிமன்றம்தான் 2005-இல் அகமதாபாத்தில் பார்சிகளின் வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்சி அல்லாதவரைச் சேர்க்க மாட்டோம் என்று விதி வைத்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கிற உரிமையாம். அக்ரகாரமும் சங்கம்தான், ஊர்த்தெருவும் சங்கம்தான். எந்தத் தீர்ப்பும் இல்லாமலே அவை இரண்டாயிரம் வருசமாக நடந்துகொண்டிருக்கின்றன.

பார்சி என்றதும் பரோடா ஞாபகம் வராமல் இருக்குமா? 1917-இல் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் இல்லை. பார்சி சத்திரம் ஒன்றில், சத்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன் ஒரு யோசனை சொன்னான்: பதிவேட்டில் காட்டுவதற்கு ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டுத் தங்கிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய். பதினோராவது நாள் காலையில் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் வந்து நின்றார்கள். இந்தச் சம்பவத்தை நாம் எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறோம். அதில் அந்தப் பதிவேட்டைக் கவனித்தோமா? பதிவேட்டுக்கு வேண்டியிருந்தது ஒரு பார்சிப் பெயர், ஆள் அல்ல. யார் உள்ளே வரலாம் என்று பதிவேடு முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தது. யாரை வெளியே அனுப்பினோம் என்று எழுதுவதற்கு அதில் பத்தியே கிடையாது. நூறு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது, போலீஸ் ஃபாரத்திலும் அந்தப் பத்தி இல்லை.

லைசென்சு முடியாத காரியமா? 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதியிலிருந்த சிறுமிகள் இருவர் மேல் பாலியல் கொடுமை நடந்தது. அந்த வருசமே பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கலெக்டரிடம் லைசென்சு வாங்க வேண்டும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, கேமரா, காவலாள் என்று பட்டியல் நீளம். ஆக நினைத்தால் முடிகிறது. ஆனால் லைசென்சு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அங்கேயே பார்த்தோம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்த பிறகுதான் அதிகாரிகள் அந்த விடுதிகளின் சமையலறைகளுக்குள் நுழைந்து பார்த்தார்கள். ஆய்வு அதிகாரியை உள்ளே கொண்டுவந்தது சட்டமல்ல, ரோட்டில் உட்கார்ந்த பெண்கள்.

'வெஜிடேரியன் ஒன்லி' போர்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கறி தின்கிறவர்கள். கறி தின்கிற வீட்டுக்காரர்களே இந்த போர்டை மாட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் வீட்டு வாசலில் இந்த போர்டைப் பார்த்தேன். "என்னங்க இது?" என்றேன். "அது அந்த மாதிரி ஆளுங்க வராம இருக்கத்தான் சார், வேற ஒண்ணுமில்ல" என்றார், என்னை 'அந்த மாதிரி ஆள்' இல்லை என்று நினைத்துக்கொண்டு. ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் நடுவில் எத்தனை தெரு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இப்போது கம்ப்யூட்டர் வழியாக வீடு தேடுகிற பிள்ளைகளுக்கும் முதல் கேள்வியே சைவமா அசைவமா என்பதுதான்.

நிரூபிப்பது எப்படி என்று கேட்பார்கள். நிரூபிக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஏழாவது நாள் வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் நிறபேதம் கூடாது என்கிற சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தை வைத்து அங்கே ஒரு வேலை செய்தார்கள். ஒரே மாதிரி சம்பளம், ஒரே மாதிரி குடும்பம், ஆனால் ஒருவர் கறுப்பர், இன்னொருவர் வெள்ளையர். ரெண்டு பேரையும் ஒரே வீட்டுக்கு ஒருவர் பின் ஒருவராக அனுப்பினார்கள். கறுப்பரிடம் 'காலி இல்லை' என்றவன் அரைமணி நேரத்தில் வெள்ளையரிடம் சாவியை நீட்டினால், அதுவே சாட்சி. இப்படிச் சோதனைக்குப் போகிறவர்களே வழக்குப் போடலாம் என்று 1982-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கேயும் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் டெல்லி வட்டாரத்தில் இதே முறையில் வீடு கேட்டுப் பார்த்து 2015-இல் எழுதினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் திறக்கவில்லை, திறந்த இடத்திலும் வாடகையும் நிபந்தனையும் ஏறியது. முஸ்லிம்களுக்கு நம்மைவிட மோசம். நாம் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று ஒரு சிலருக்காவது வாய்ப்பு இருக்கிறது, அவர்களுக்குப் பெயரே கேட்டை மூடிவிடுகிறது.

இந்த முறையைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறேன். வீடு காலியானால் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், 1960 சட்டத்தில் இருந்ததுதானே. கேட்டு வந்தவர் யார், கொடுக்காததற்கு என்ன காரணம் என்று எழுதுகிற பதிவேடு வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர் கக்கூசு எத்தனை, தண்ணி வருகிறதா, சப்-மீட்டரில் யூனிட்டுக்கு எவ்வளவு பிடுங்குகிறான் என்பதோடு அந்தப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஆளை அனுப்பிச் சோதிக்க வேண்டும்.

சரி, அந்த ஆய்வாளர் யார்? அவரும் அந்தத் தெருக்காரர்தானே? இந்த இடத்தில்தான் எனக்கே தயக்கம் இருக்கிறது, மறைக்கவில்லை. லைசென்சு என்று ஒன்று வந்தால் மொத அடி யாருக்கு விழும்? நாலு மாடிக்காரனுக்கு விழாது, அவன் ஆடிட்டரை வைத்துக்கொள்வான். கூவம் கரையில் தகரம் போட்டு ஒரு தடுப்பு எடுத்து ஆயிரத்து ஐந்நூறுக்கு விட்டிருக்கிற விதவைப் பெண்ணைத்தான் மொதலில் பிடிப்பார்கள். 'லைசென்சு இல்லை, கட்டடம் பாதுகாப்பில்லை' என்று சீல் வைத்து, பெரும்பாக்கத்துக்கோ செம்மஞ்சேரிக்கோ லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். ஆகவே பட்டா கேட்காத லைசென்சாக இருக்க வேண்டும். ஒரு போர்ஷன் விடுகிற ஏழைக்குக் கட்டட விதியைக் காட்டிப் பயமுறுத்தக்கூடாது. காலி செய்ய வைக்கிற அதிகாரம் ஆய்வாளருக்கு இருக்கவே கூடாது. ஆனால் சாதி பார்க்கக்கூடாது என்கிற விதி மட்டும் தகரக் கொட்டகைக்கும் பொருந்த வேண்டும்.

ஏன் அதற்கும் என்று கேட்கிறீர்களா? என் சொந்தக்காரர் ஒருத்தர், ரிட்டயர்டு ஆனவர், ஊர்க்கோடியில் மூணு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்க்கிற அருந்ததியர் குடும்பம் ஒன்று வந்து கேட்டது. "அவங்களுக்கு வேணாம்பா, அக்கம்பக்கம் பேசும்" என்றார். அக்கம்பக்கம் யார்? எல்லாம் எங்க சனம்தான். அவர் வீட்டுக் கூடத்தில் கோட்டு போட்ட அம்பேத்கர் படம் மாலையோடு தொங்குகிறது. நான் அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை, பேச்சை மாற்றிக்கொண்டு காப்பி குடித்துவிட்டு வந்தேன். அந்தக் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டாவது பிரிவு அங்கே பேசாது, ரெண்டு பக்கமும் பட்டியல் சாதி என்று வக்கீல் வாதாடுவார். புதுச் சட்டம் எழுதுகிறவர்கள் இதற்கும் சேர்த்து எழுத வேண்டும்.

'நமக்கு நாமே கட்டிக்கொள்வோம், அவன் வீடு எதற்கு?' என்று சூடாகப் பேசுகிற தம்பிகளும் உண்டு. கட்டுங்கள். ஆனால் காலேஜ் படிக்க, ஆஸ்பத்திரியில் கிடக்கிற அம்மாவுக்குத் துணை இருக்க, டிரான்ஸ்பர் ஆகிப்போன ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நாளைக்குச் சாயங்காலம் ஒரு வீடு வேண்டும் என்றால் எங்கே கட்டுவது? பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் கிட்டத்தில் இருப்பது அவன் தெரு. நகரத்துக்குப் போனால் சாதி போய்விடும் என்று நம்பித்தான் எங்கப்பா என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

சட்டசபை கேட்கிறவரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டாம். இருக்கிற பி.சி.ஆர். சட்டத்தின் நாலாவது பிரிவும் பன்னிரண்டாவது பிரிவும் போதும், ஒரு வழக்காவது போட்டுப் பார்க்க. அதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும். வீடு மறுக்கப்பட்ட தேதி, தெரு, கேட்ட கேள்வி, சொன்ன காரணம், அதற்கப்புறம் எத்தனை நாள் போர்டு தொங்கியது. ஒரு நோட்டில் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். போர்டில் இருக்கிற போன் நம்பருக்கு மறுநாள் வேறு சாதி நண்பரை விட்டுப் பேசச் சொல்லி, கிடைத்த பதிலையும் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்தால் பேச்சைப் பதிவு செய்யுங்கள். என் நோட்டில் பதினாலு வீடு இருக்கிறது, முதல் ஆறுக்குத் தேதி ஞாபகமில்லை.